ஹட்டனில் தெற்கு, பதுளையில் வடக்கு: ஒளித்தட்டு வைக்கும் முன் ஒரு வார்த்தை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கட்டிடங்கள் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘லைட் ஷெல்ஃப்’ எனப்படும் ஒளித்தட்டைப் பற்றி எழுதியவர் தெளிவாகவே எழுதியிருக்கிறார். ஆனால் கூடவே போட்டிருந்த படம் ஏதோ வெளிநாட்டு அலுவலகம். எங்கள் பக்கத்தில் யாராவது அந்தப் படத்தை வெட்டிக்கொண்டு வந்து, “பாஸ், இதே மாதிரி போட்டுத் தாங்க” என்று கேட்டால், போட்டுக் கொடுக்க நிறைய மேசன்மார் இருக்கிறார்கள். பலகையும் வந்துவிடும், பில்லும் வந்துவிடும். வெளிச்சம் வருமா என்பதுதான் கேள்வி. டிக்கோயா, பொகவந்தலாவை, கொட்டகலை என்று வாலிப வயதிலிருந்து சீமெந்து குழைத்துத் திரிந்தவன் என்ற முறையில், மலையகத்துக்கு இந்தத் தட்டு எப்படிப் பொருந்தும், எங்கே பொருந்தாது என்று எழுதலாம் என நினைக்கிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். இடம் போதாவிட்டால் நடுவில் வெட்டுங்கள், அளவுகளை மட்டும் வெட்டாதீர்கள்.

கட்டுரையைத் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தரையிலிருந்து ஆறரை, ஏழு அடி உயரத்தில் ஜன்னலை இரண்டாகப் பிரிக்கிற மாதிரி கிடையாக ஒரு பலகை. அதன் மேல்பக்கம் வெள்ளை. பலகைக்கு மேலே ஒன்றரை, இரண்டு அடிக்குக் கண்ணாடி. கீழே வழக்கமான ஜன்னல். மேல் கண்ணாடிப் பக்கம் விழும் வெயில் பலகையில் பட்டு சீலிங்குக்குப் போகிறது, சீலிங்கிலிருந்து அறையின் உள்பக்கத்துக்கு இறங்குகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்குப் பலகையே நிழலாகிவிடுவதால் கண்ணில் வெயில் அடிக்காது. சாதாரண ஜன்னல் என்றால், அதன் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ அதைப்போல் ஒன்றரை மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் உள்ளே உருப்படியாகப் போகும். ஏழடியில் லின்டல், அதாவது ஜன்னலுக்கு மேலே வருகிற விட்டம், இருந்தால் பத்தடி, பத்தரை அடி. ஒளித்தட்டு சரியாக அமைந்தால் இரண்டு, இரண்டரை மடங்கு வரை போகும் என்பது கட்டிடக்காரர்கள் கைவசம் வைத்திருக்கும் கணக்கு.

இதில் ஒன்றைக் கட்டுரை மேலோட்டமாகத் தாண்டிவிட்டது. தட்டு புதிதாக வெளிச்சத்தை உண்டாக்குவதில்லை. ஜன்னலோரத்தில் மிதமிஞ்சி விழுகிற வெயிலை எடுத்து உள்ளே பங்கு போடுகிறது, அவ்வளவுதான். வெயில் இல்லாத நாளில் பங்கு போட ஒன்றும் இல்லை. அது மட்டுமல்ல, முழுதாக மூடிக் கிடக்கும் வானத்தின் கீழ் தட்டு ஜன்னலில் கொஞ்சத்தை மறைக்கத்தான் செய்யும். தட்டு இல்லாத அறையைவிட ஜன்னலோரம் சற்று மங்கலாகவே இருக்கும். வருஷத்தில் பாதி நாள் மிஸ்ட் இறங்கி நிற்கிற நுவரெலியா மாவட்டத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நான் இதை முதன்முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் கடைசியில், கொழும்பில் ஓர் அலுவலகக் கட்டிடத்தில் வேலை செய்தபோது. ஜன்னலுக்கு நடுவே கொங்கிரீட்டில் தட்டு வார்க்கச் சொன்னார்கள். பூச்சட்டி வைக்கவா என்று கேட்டோம். கட்டிடக் கலைஞர் ஓர் அம்மா, சிரித்துவிட்டுப் போய்விட்டார். பெயின்ட் காய்ந்த பிறகு ஒருநாள் வந்து எங்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டு, தட்டின் மேல் கறுப்புப் பொலித்தீனை விரித்தார். அறையின் உள்பக்கம் மங்கியது. பொலித்தீனை உருவினார். சீலிங் முழுக்கப் பளிச்சென்று ஆனது. ஒரு வார்த்தை விளக்கம் இல்லை, எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மலையகத்தில் வரைபடம் போடுகிற டெக்னிக்கல் ஒபிசர்மாருக்கும் இப்படி ஒரு கறுப்புப் பொலித்தீன் பாடம் எடுத்தால் நல்லது.

சரி, எங்கள் பக்கத்தில் இந்தத் தட்டு யாருக்கு வேண்டும்? எல்லோருக்கும் இல்லை. பழைய நூறடிக்கு இருபதடி பாடசாலை மண்டபங்களுக்குத் தேவையே இல்லை. இரண்டு பக்கமும் அரைச்சுவர், இரண்டு பக்கமும் வானம். நடுவில் இருக்கிற பிள்ளைக்கும் பத்தடிக்குள் வெளிச்சம் உண்டு. குளிர்காற்றுக்கும் சாரலுக்கும் பயந்து அந்தத் திறப்பைத் தகரத்தாலும் பலகையாலும் அடைத்துவிட்டு, உள்ளே லைட் போட்டுப் படிக்க வைக்கிறார்களே, அங்கே வேண்டியது கண்ணாடி. இந்திய உதவியில் தோட்டங்களில் கட்டுகிற 550 சதுர அடி வீட்டுக்கும் தட்டு வேண்டாம். அறைகள் சின்னவை, ஜன்னலைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். தோட்டத் தொழிலாளர் வரிசையாக வாழ்கிற லயத்துக் காம்பராவுக்கு ஒளித்தட்டு என்று யாராவது பேசினால் கேலி செய்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வேன். அடுப்புப் புகை படிந்த தகரக் கூரையும் ஒற்றைச் சின்ன ஜன்னலும் இருக்கிற இடத்தில், கூரையில் ஒரு கண்ணாடித் தகடு மாற்றுவதுதான் மரியாதையான வேலை.

தட்டு தேவைப்படுவது புதிதாகக் கட்டுகிற இரண்டு மாடி, மூன்று மாடிக் கட்டிடங்களுக்கு. வகுப்பறைகள், ஆஸ்பத்திரி வார்டுகள், பிரதேச சபை அலுவலகங்கள், தையல் தொழிற்சாலைகள். ஏன் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே சமதரை கிடையாது. சரிவை வெட்டித்தான் கட்டிடம். முன்னால் பள்ளம், பின்னால் மண்மேடு, அதைத் தாங்க ஒரு கல் கட்டு. பின்சுவருக்கும் மேட்டுக்கும் இடையில் மூன்று, நான்கு அடி இடைவெளி. அதிலும் பாதி தண்ணீர் ஓடுகிற கான். கீழ்மாடியின் பின்ஜன்னலைத் திறந்தால் பாசி பிடித்த கல்தான் தெரியும். ஆக, காகிதத்தில் இரண்டு பக்க ஜன்னல், நடப்பில் ஒரு பக்க வெளிச்சம். அறையின் அகலம் இருபத்தைந்து அடி என்றால், முதல் பத்தடி நன்றாக இருக்கும், மிச்சப் பதினைந்தடி பகலிலும் அந்திதான்.

என் பேத்தி படிக்கிற பாடசாலையின் கீழ்மாடி அப்படிப்பட்டதுதான். காலை ஏழரைக்கு லைட் போட்டால் ஒன்றரைக்கு மணி அடிக்கும்போதுதான் அணைக்கிறார்கள். 2022 இல் டீசல் இல்லாமலும் நீர்த்தேக்கங்களில் தண்ணீர் இறங்கியும் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது பள்ளிக்கூடம் நடந்த நாட்களில் பின்வரிசைப் பிள்ளைகள் மேசையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிடுவார்களாம். கரும்பலகை எங்கேயோ, பிள்ளைகள் எங்கேயோ. காசல்றீ, மவுசாகலை, மேல் கொத்மலை என்று நாட்டுக்கு நீர்மின்சாரம் கொடுக்கிற நீர்த்தேக்கங்கள் இருக்கிற மாவட்டம் இது என்பதை ஒரு பேச்சுக்குச் சொல்லி வைக்கிறேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தட்டு எந்தப் பக்கம்?

கட்டுரையில் “தெற்குப் பக்கச் சுவரில் அமைப்பது சிறந்தது” என்று எழுதியிருந்தது. அதில் உதாரணமாகச் சொன்ன கட்டிடம் கலிபோர்னியாவில் சனிவேல் என்ற ஊரில் 1983 இல் கட்டியது. அந்த ஊர் பூமத்திய ரேகையிலிருந்து 37 பாகை வடக்கே. அங்கே நண்பகல் சூரியன் வருஷம் பூராவும் தெற்குப் பக்கம்தான். டிசம்பரில் 30 பாகைக்குத் தாழ்ந்து வந்து அறைக்குள் நீளமாகப் பாயும். அந்த ஊருக்கு அந்த விதி சரி. நாங்கள் இருப்பது ஏழு பாகையில். ஏப்ரல் 5 இலிருந்து 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வரும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் ஒவ்வொரு வருஷமும் அறிவிக்கிறது, வானொலியில் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பிறகு சூரியன் எங்களுக்கு வடக்கே போய்விடும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரத்தில் மறுபடியும் உச்சி தாண்டித் தெற்கே வரும். அதாவது ஏறத்தாழ ஐந்து மாதம் வடக்குச் சுவரில் வெயில், ஏழு மாதம் தெற்குச் சுவரில். உயரமும் கவனிக்க வேண்டும். டிசம்பர் நண்பகலில்கூட எங்கள் சூரியன் 60 பாகைக்குக் கிட்ட நிற்கும். ஜூனில் 73 பாகை. கலிபோர்னியா மாதிரித் தாழ்ந்து வருகிற வெயில் எங்களுக்கு நண்பகலில் கிடையவே கிடையாது.

அப்படியென்றால் இரண்டு பக்கமும் தட்டு வைக்கலாமா? காசிருந்தால் வைக்கலாம். ஆனால் மழையையும் சேர்த்துப் பார்த்தால் ஊருக்கு ஊர் பதில் மாறுகிறது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கத்தில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. சூரியன் வடக்கே இருக்கிற அதே மாதங்கள். வெயில் முகத்தையே காட்டாத காலத்துக்கு வடக்குச் சுவரில் தட்டு வைத்து என்ன பலன்? எங்களுக்கு நல்ல வெயில் ஜனவரி, பெப்ரவரி, மார்ச். அப்போது சூரியன் தெற்கே. ஆகவே ஹட்டன் பக்கத்துக்குத் தெற்குச் சுவர்.

மலையின் மறுபக்கம் போங்கள். பதுளை, பண்டாரவளை, வெலிமடை. அங்கே வடகீழ் மழை. நவம்பர், டிசம்பர், ஜனவரியில் ஊறிக் கிடக்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் நல்ல வெயில். நாங்கள் இங்கே குடை பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவர்கள் மிளகாய் காயப்போடுவார்கள். அந்த மாதங்களில் சூரியன் வடக்கே. ஆகவே இந்த ஊர்கள் இருக்கிற ஊவா மாகாணத்துக்கு வடக்குச் சுவர். நேர்கோட்டில் பார்த்தால் ஹட்டனும் பண்டாரவளையும் அதிகத் தூரம் இல்லை, ஆனால் ஒரே வரைபடத்தை இரண்டு ஊரிலும் கட்டினால் ஒரு ஊரில் தட்டு சும்மா நிற்கும். கொழும்பிலிருந்து ஒரு பொது வரைபடம் அனுப்பி எல்லா மாகாணத்திலும் அதையே கட்டுகிற வழக்கத்தில் இதற்கு இடம் இருக்கிறதா?

கிழக்கு, மேற்குச் சுவர்களை விட்டுவிடுங்கள். காலை, மாலை வெயில் தாழ்வாக வந்து தட்டுக்குக் கீழாலேயே நுழைந்துவிடும். சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் மலையில் கட்டிடம் முகம் காட்டும், திசையை நாங்கள் தெரிவு செய்ய முடியாது என்பது உண்மை. கிழக்குப் பார்த்த சரிவு கிடைத்தால் தட்டை மறந்துவிட்டு, ஜன்னலை உயர்த்தி, சீலிங்கை வெள்ளையாக்கி, திரை போடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது, தட்டு சுவருக்கு உள்ளேயா வெளியேயா. கட்டுரையில் வெளியே நீட்டினால் வெப்பம் குறையும், ஏசி செலவு மிச்சம் என்று இருந்தது. கொழும்புக்கு அது பெரிய இலாபம். நுவரெலியாவில் ஏசி யார் போடுகிறார்கள்? வருஷச் சராசரியே 16 பாகை செல்சியஸ் அளவில் இருக்கிற ஊர். அங்கே வெயிலை வெளியிலேயே தடுத்து நிறுத்துவது கையில் கிடைத்த சூட்டை வீசி எறிகிற வேலை. எங்கள் உயரத்துக்கு உள்தட்டுதான் சரி. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரட்டும், வந்து தட்டில் படட்டும். வெளிச்சம் சீலிங்குக்கு, சூடு அறைக்கு. கண் கூசாது, பிள்ளைகளுக்குக் கை விறைக்காது. 60 பாகை வெயில் இரண்டடிக் கண்ணாடி வழியாக ஓரடிக்குச் சற்று மேலேதான் உள்ளே விழும் என்பதால் ஒன்றரை அடி அகலத் தட்டு தாராளமாகப் போதும். பதுளை கதை வேறு. 680 மீற்றர் உயரம், வெக்கையான ஊர். ஜூலைச் சூரியன் இன்னும் செங்குத்து. உள்தட்டுக்கு வெயில் எட்டாது. அங்கே வெளியே நீட்டத்தான் வேண்டும், நிழலும் அவர்களுக்குத் தேவை.

வெளியே வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த ஈரத்தில் வெள்ளைச் சுவர் ஒரே மழைக்காலத்தில் என்ன நிறமாகும் என்று தெரியும்தானே? பச்சை, பிறகு கறுப்பு. பாசி பிடித்த தட்டு வெளிச்சத்தைத் திருப்பாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஏணி வைத்துக் கழுவ ஆள் வேண்டும். தண்ணீர் நிற்காமல் வெளிப்பக்கம் சரிவு வேண்டும். புறா உட்காரும். இதெல்லாம் யார் பொறுப்பு என்று கட்டும்போதே எழுதி வைக்காவிட்டால், இரண்டு வருஷத்தில் அது வெறும் கொங்கிரீட் நாக்கு.

தாழ்வாரத்தைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் ஒரு வரிகூட எழுதவில்லை. வெளிநாட்டுக் கட்டிடத்துக்குத் தாழ்வாரம் கிடையாது, அதனால் அவருக்கு ஞாபகம் வந்திருக்காது. எங்களுக்கு மூன்றடி தாழ்வாரம் இல்லாவிட்டால் சாரல் சுவரை ஊற வைத்துவிடும். ஆனால் 60 பாகை வெயிலில் மூன்றடி தாழ்வாரத்தின் நிழல் ஐந்தடிக்குக் கீழே வரை விழும். தட்டுக்கு மேலே இருக்கிற கண்ணாடி முழுக்க அந்த நிழலுக்குள் போய்விடும். தட்டுக்கு ஒரு சொட்டு வெயில் கிடைக்காது. மாடிக் கட்டிடத்தில் மேல்மாடியின் வராந்தாவே கீழ்மாடிக்குத் தாழ்வாரம் என்பதால், வராந்தா இருக்கிற பக்கம் தட்டு வைப்பது வீண்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, செய்தும் பார்த்திருக்கிறேன். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா திருத்துகிற வேலை கிடைத்தது. இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறார்கள். வழக்கம்போலப் பின்னால் மேடு, முன்னால் தெற்குப் பார்த்த ஜன்னல்கள், நீண்ட தாழ்வாரம். பிள்ளைகளைத் தூங்க வைக்கிற பின்பக்கம் பகலிலும் பல்பு எரிந்தது. தாழ்வாரத்தை வெட்ட எனக்கு மனமில்லை. மே மாதம் வந்தால் ஜன்னலுக்குள் மழை வந்துவிடும். அதனால் ஜன்னல்களுக்கு நேரே தாழ்வாரத்தில் வருகிற தகடுகளை மட்டும் கழற்றி, அதே நெளிவில் வருகிற தெளிவான பொலிகாபனேட் தகடு போட்டோம். பால் நிறத் தகடு வாங்காதீர்கள், அது வெயிலை அங்கேயே சிதறடித்துவிடும், தட்டுக்கு வந்து சேராது. ஜன்னலின் மேல்விளிம்பை ஒன்பதடிக்கு உயர்த்தி, ஏழடியில் சீமெந்துப் பலகைத் தட்டை அங்கிள் அயன் என்கிற இரும்புக் கோணச் சட்டத்தில் உள்பக்கமாக நிறுத்தி, மங்கல் வெள்ளை அடித்தோம். பளபளப்பான பெயின்டோ கண்ணாடியோ வேண்டாம், சீலிங்கில் ஓர் இடத்தில் மட்டும் சுள்ளென்று அடிக்கும், குழந்தைகள் மல்லாக்கப் படுக்கிற இடம் வேறு. சீலிங்கை ஜன்னல் பக்கம் ஒரு அடி உயர்த்தி உள்பக்கம் தாழ்த்தினோம். பெப்ரவரி மாதம் காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்தபோது, பின்சுவரில் ஒட்டியிருந்த அ, ஆ எழுத்துகளைப் பல்பு இல்லாமல் வாசிக்க முடிந்தது. ஜூலையில் போனபோது பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது, முன்பக்கத்தில் மட்டும் தேவைப்படவில்லை. இதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

மிஸ்ட் நாளில் கைகொடுப்பது தட்டு இல்லை, அந்த ஒன்பதடி. மூடிய வானத்தில் உச்சிப் பகுதி அடிவானத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பிரகாசமாக இருக்கும். எதிர்மலை அடிவானத்தை மறைத்து நிற்கிற எங்கள் பள்ளத்தாக்குகளில் உச்சி வானம்தான் எங்களுக்கு இருக்கிற ஒரே வானம் என்றும் சொல்லலாம். ஜன்னல் எவ்வளவு உயரத்துக்குப் போகிறதோ அவ்வளவு அந்த வானம் அறைக்குத் தெரியும். இதற்குப் பெரிய செலவும் இல்லை. மாடிக் கட்டிடத்தில் ஏழடியில் லின்டல் போட்டு, அதற்கு மேலே இரண்டு வரி பிளக் கல் கட்டி, அதற்கு மேலே பீம் போடுகிறோம். ஜன்னலை நேராக பீம் அடி வரை கொண்டுபோனால் லின்டலும் மிச்சம், கல்லும் மிச்சம். அந்தக் காசு கண்ணாடிக்குப் போகும். பழைய தேயிலை ஸ்டோர்களின் மேல்மாடியைப் பாருங்கள், கொழுந்து வாட்டுகிற தளம் முழுக்க ஜன்னல் வரிசை. கரண்ட் இல்லாத காலத்தில் கட்டியவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

சீலிங் இல்லாத கட்டிடத்தில் தட்டு வைப்பது தண்டச் செலவு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாம்பல் நிற அஸ்பெஸ்டஸின் அடிப்பக்கம் வந்த வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கொங்கிரீட் தளத்தின் அடிப்பக்கத்துக்கு வெள்ளை அடித்தால் அதுவே நல்ல சீலிங். வெள்ளைப் பெயின்ட் விழுகிற வெளிச்சத்தில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பித் தரும். பாடசாலைகளில் சுவருக்கு அடிக்கிற கரும்பச்சையும் காவியும் அழுக்குத் தெரியாமல் இருக்கத்தான். இடுப்புக்குக் கீழே அடித்துக்கொள்ளட்டும், மேலே வேண்டாம்.

அப்புறம், உள்தட்டுக்கு ஒரு வியாதி உண்டு. ஒன்றரை அடி அகலத்தில் சுவரோடு சேர்ந்து ஒரு பலகையைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. நான் சொன்ன பிள்ளைக் காம்பராவில் அடுத்த தடவை போனபோது தட்டின் மேல் பழைய பதிவுப் புத்தகங்கள், ஒரு உடைந்த தராசு, கலைவிழாவுக்குச் செய்த மயில் ஒன்று. மயில் அழகாகத்தான் இருந்தது, ஆனால் அதன் நிழல் சீலிங்கில் பூதம் மாதிரி விழுந்தது. ஆயா அக்காவிடம் சொன்னேன். “இவ்வளவு நல்ல இடத்த சும்மா வைக்கச் சொல்றீங்களே தம்பி” என்றார். வாதாட முடியவில்லை. அதன் பிறகு எங்கே வைத்தாலும் தட்டை உள்பக்கமாகக் கொஞ்சம் உயர்த்திச் சாய்வாக வைக்கிறேன். சாமான் வைத்தால் நழுவிக் கண்ணாடியில் போய் இடிக்கும், வைக்கமாட்டார்கள்.

மின்சாரக் கணக்கையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு வகுப்பறையில் 18 வாட் எல்.ஈ.டி. டியூப் ஆறு என்று வையுங்கள். ஆறு மணித்தியாலம் எரித்தால் ஒரு நாளைக்கு முக்கால் யூனிட்கூட இல்லை. இருபது பள்ளி நாட்களுக்குப் பதின்மூன்று யூனிட். இருபது வகுப்பறை உள்ள பாடசாலைக்கு மாதம் 260 யூனிட். 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கட்டணம் ஏறியபோது அதுவும் காசாகத்தான் தெரிந்தது. ஆனால் தட்டு வைத்தால் அதில் ஒரு பங்குதான் மிச்சமாகும், அதுவும் வெயில் நாட்களில். இலட்சக்கணக்கில் மிச்சம் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். பகல் பூராவும் நூற்றுக்கணக்கான லைட் எரிகிற தையல் தொழிற்சாலைக்கு அந்தப் பேச்சு பொருந்தும். பாடசாலைக்கு இலாபம், பின்வரிசைப் பிள்ளைக்கு எழுத்துத் தெரிவது.

அந்தச் சின்ன மிச்சம்கூடக் கைக்கு வர வேண்டுமானால் வயரிங் மாற வேண்டும். இப்போது ஒரு சுவிட்சைத் தட்டினால் அறை முழுக்க எரிகிறது. லைட்டுகளை ஜன்னலுக்கு இணையாக வரிசை வரிசையாகப் போட்டு, வரிசைக்கு ஒரு சுவிட்ச் வைத்தால் ஜன்னலோர வரிசையை அணைத்துவிட்டுப் பின்வரிசையை மட்டும் எரிக்கலாம். கூடுதலாகக் கொஞ்சம் வயர், இரண்டு சுவிட்ச். தானாக அணைகிற சென்சர் எல்லாம் வேண்டாம், இங்கே இருக்கிற ஈரத்துக்கும் இடிக்கும் அது எத்தனை நாள் தாங்கும்?

இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் கட்டிடங்களுக்கான விதிக்கோவையை 2008 இலேயே வெளியிட்டது. நல்ல விஷயம். ஆனால் அந்த மாதிரிக் கோவைகள் பெரிய வணிகக் கட்டிடங்களை மனதில் வைத்து எழுதியவை. ஹட்டனில் எழும்புகிற மூன்று மாடி வகுப்பறைத் தொகுதியோ தோட்டத்து ஆஸ்பத்திரி வார்டோ அதற்குள் வருவதில்லை, வந்தாலும் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. கொந்தராத்துக்காரர் கையில் கிடைப்பது வரைபடமும் அளவுப் பட்டியலும்தான். அதில் இல்லாததை நாங்களாகக் கட்டினால் பில் பாஸ் ஆகாது. ஆகவே மத்திய மாகாணத்திலும் ஊவாவிலும் கல்விக் கட்டிடங்களுக்கு வரைபடம் போடுகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: பின்னால் மண்மேடு இருக்கிற எந்தக் கட்டிடத்துக்கும், டெண்டர் போடும் முன், அறையின் உள்பாதிக்குப் பகல் வெளிச்சம் எங்கிருந்து வரும் என்று வரைபடத்திலேயே காட்டுங்கள். ஜன்னல் பீம் வரை போகட்டும். வெள்ளைச் சீலிங் பட்டியலில் இருக்கட்டும். தட்டு என்றால் அந்த ஊரின் வெயில் மாதத்தைப் பார்த்துச் சுவரைத் தெரிவு செய்யுங்கள். கொங்கிரீட் இறுகின பிறகு லின்டலை உயர்த்தச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவில் இன்னொரு வகுப்பறை கட்டலாம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஐயா. அடுத்த தடவை இந்த விஷயத்தை எடுத்தால் வெளிநாட்டுப் படத்துக்குப் பதிலாக இரண்டு கோட்டுப் படம் போடுங்கள். ஒன்று ஹட்டனுக்கு, தெற்குச் சுவரும் உள்தட்டும் தெளிவான தாழ்வாரத் தகடும் வைத்து. மற்றது பதுளைக்கு, வடக்குச் சுவரும் வெளித்தட்டும் வைத்து. வரைகிறவர் உங்களிடம் இருந்தால் அடி, அங்குல அளவுகளை நான் எழுதி அனுப்புகிறேன். மேல் கண்ணாடிக்கு வெளியே கம்பி வலை போடுவதையும் அதில் காட்டச் சொல்லுங்கள், பாடசாலை மைதானத்தில் கிரிக்கெட் விளையாடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய மேசன் பாஸ்,
டிக்கோயா.